எங்கள் வீட்டுக் கழிவுக்குழாயை நாங்களே சரிசெய்தோம்

கடந்த ஐப்பசி மழையில் எங்கள் வாடகை வீட்டின் கழிவறைக் குழாய் உடைந்தது. அதை நாங்களே தோண்டி, அறுத்து, ஒட்டி, மூடினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஆயிரம் ரூபாய்க்குள் செலவும் ஆனது. இதைச் சாதனையாகச் சொல்ல வரவில்லை. கல்லூரிக் கூட்டங்களுக்குப் போகும்போது மாணவர்கள் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பார்கள்: "அவரவர் கழிவை அவரவரே சுத்தம் செய்தால் சாதி ஒழிந்துவிடும்தானே, தோழர்?" அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்தக் கேள்விக்கான எங்கள் பதில் மாறியிருக்கிறது. அதனால் எழுதுகிறோம்.

முதலில் 'நாங்கள்' யார் என்று சொல்லிவிடுகிறோம். நாங்கள் இருவர். சமூகவியல் முதுகலை வகுப்பில் சந்தித்து, சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டு, கோவைக்குப் பக்கத்தில் சமூகப் பணியில் இருக்கிறோம். எங்களில் ஒருவர் அருந்ததியர். அவருடைய அப்பா நகராட்சியில் தூய்மைப் பணியாளராக 30 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களில் மற்றவர் தோட்டமும் மாடும் உள்ள இடைநிலைச் சாதிக் குடும்பத்தில் பிறந்தவர். இந்தக் கதையில் 'நான்' என்று எழுதினால் எது யாருடைய கை, எது யாருடைய அவமானம் என்று குழம்பிவிடும். அதனால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம். தேவையான இடத்தில் மட்டும் பிரித்துச் சொல்கிறோம்.

வீடு பார்க்க வந்தபோது வீட்டுக்காரர், "நீங்க எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டார். அது ஊரைக் கேட்கும் கேள்வி இல்லை என்று கொங்குப் பகுதியில் வளர்ந்த எவருக்கும் தெரியும். தோட்டத்து வீட்டில் பிறந்தவர் முந்திக்கொண்டு தன் அப்பாவின் ஊரைச் சொன்னார். அந்த ஊர்ப் பெயர் வீட்டுக்காரருக்குப் போதுமானதாக இருந்தது. மற்றவர் வாய் திறக்கவில்லை. வீடு கிடைத்தது. நாங்கள் பொய் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. மேடையில் சாதியொழிப்பு பேசுகிறவர்கள் வாடகை வீட்டுக்காக அன்று செய்த காரியம் அது. அதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறோம்.

வீட்டின் பக்கவாட்டில் ஒரு சந்து. கழிவறையிலிருந்து நாலு இஞ்ச் பிவிசி குழாய் அந்தச் சந்தில் 12 அடி ஓடி ஒரு சேம்பரில் விழும். அங்கிருந்து செப்டிக் டேங்க். மழை விட்ட பிறகும் சந்தின் நடுவில் மண் ஈரமாகவே இருந்தது. மூன்றாம் நாள் நாற்றம் வந்தது. கழிவறையில் தண்ணீர் ஊற்றினால் அந்த இடத்தில் மண் குமிழி விட்டது.

முதலில் குழாய் வேலை செய்பவர்களைக் கூப்பிட்டோம். இரண்டு பேர் வரவில்லை. மூன்றாமவர் வந்தார், பார்த்தார், "நாங்க தண்ணி லைன் பாப்போமுங்க. இது செப்டிக் லைன். இதுக்கு ஆள் வேற" என்றார். வீடு கட்டும்போது இந்தக் குழாயைப் போட்டதே அவர்தான். புதுக் குழாயாக இருந்தபோது அதைத் தோளில் தூக்கி வந்தார், அளந்தார், ஒட்டினார். அதில் ஒருமுறை மலம் ஓடிய பிறகு அதே குழாய்க்குச் சாதி வந்துவிட்டது.

வீட்டுக்காரர் மாடியிலிருந்து வழி சொன்னார். "மார்க்கெட்டுக்குப் பின்னால ஒரு காலனி இருக்குதுங்க தம்பி. அங்கிருந்து ஒருத்தன் வருவான். முந்நூறு குடுத்தாப் போதும். சாயங்காலம் ஒரு குவார்ட்டருக்கும் சேத்திக் குடுத்தா சந்தோசமாப் போயிருவான்."

அந்தக் காலனியை எங்களுக்குத் தெரியும். அங்கே மாலை வகுப்பு எடுக்கிறோம். வீட்டுக்காரர் சொல்லும் 'ஒருத்தன்' யார் என்றும் தெரியும். அறுபது வயதைத் தாண்டியவர். அவருடைய பேத்தி எங்கள் வகுப்பில் எட்டாம் வகுப்புக் கணக்குப் போடுகிறாள்.

"நாங்களே பாத்துக்கறோம் சார்" என்று சொல்லிவிட்டோம். சொன்னபோது அது எளிதாகத்தான் இருந்தது.

எங்களில் ஒருவருக்கு அது வெறும் புது வேலை. மற்றவருக்கு அப்படி இல்லை. அவர் பள்ளியில் படித்த காலத்தில் அவருடைய அப்பா பணிக்குப் போகும்போது பள்ளி இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போவார். மகனுடைய கூட்டாளிகள் தன்னைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. ஒருமுறை மகன் விளையாட்டாக அவருடைய மண்வெட்டியைத் தொட்டதற்கு அடி விழுந்தது. அவர் மகனை அடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். அந்த மகன்தான் இப்போது கடையில் நின்று கையுறை வாங்கிக்கொண்டிருந்தார். வாங்கும்போது கை நடுங்கியதை இரண்டு பேருமே கவனித்தோம். பேசிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை இரவே கழிவறையைப் பூட்டிவிட்டோம். பக்கத்தில் இருக்கும் எங்கள் அலுவலகக் கழிவறையைப் பயன்படுத்தினோம். ஈரமான இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவினோம். ஞாயிறு காலை முழங்கை வரையிலான ரப்பர் கையுறை, கம் பூட்ஸ், முகக்கவசம், கண்ணாடி போட்டுக்கொண்டு கடப்பாரையை எடுத்தோம். அரை அடி தோண்டியிருப்போம். அப்பா வந்துவிட்டார்.

மாதத்தில் ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அவர் வருவது வழக்கம். அது அந்த ஞாயிறு என்பது எங்களுக்கு மறந்துவிட்டது. சந்தின் முனையில் பையோடு நின்றார். மகன் குழிக்குள் நிற்பதைப் பார்த்தார். சத்தம் போடவில்லை.

"மேல வா சாமி" என்றார். "இதுக்கா படிக்க வெச்சேன்?"

மகன் பதில் சொல்லவில்லை. மேலே ஏறிவிட்டார். முப்பத்து நாலு வயதில், முதுகலைப் பட்டத்தோடு, அப்பா சொன்னதும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார். அப்போது எங்களில் மற்றவர் குழிக்குள் இறங்கினார். அப்பாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. "அம்மிணி, நீ எதுக்குக் கண்ணு?" என்றார். "எங்க வீட்டுக் குழாய்தானுங்க மாமா" என்று சொல்லிவிட்டு மருமகள் தோண்ட ஆரம்பித்தார்.

அவர் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மண்வெட்டி ஒருமுறை குழாய்ப் பக்கம் போனதும் பொறுக்க முடியாமல் வாய் திறந்தார். "அப்படிக் கொத்தாத கண்ணு. பக்கத்துல தோண்டு. குழாய்க்கு மேல கையில மண்ணைத் தள்ளு."

அதற்குப் பிறகு அடுத்த நாலு மணி நேரம் அவர்தான் எங்களுக்கு ஆசிரியர்.

ஒன்றரை அடி ஆழத்தில் குழாய் தெரிந்தது. இணைப்புக்குப் பக்கத்தில் நீளமாக வெடித்திருந்தது. "உடைஞ்ச இடத்தைப் பாக்காத. அடியில என்ன இருக்குதுன்னு பாரு" என்றார். அடியில் அரைச் செங்கல் ஒன்று இருந்தது. கட்டியவர்கள் குழாய்க்கு மணல் படுக்கை போடாமல் கட்டட இடிபாட்டின் மேலேயே வைத்திருக்கிறார்கள். மேலே எங்கள் வண்டி தினமும் ஏறி இறங்கியிருக்கிறது. மழையில் மண் அமுங்கியதும் குழாயின் முழு எடையும் அந்தச் செங்கல்லின் மேல் விழுந்திருக்கிறது. குழாயும் மெல்லியது. மழைநீருக்கும் காற்றுக் குழாய்க்கும் போடுகிற ஏ வகை. மலக்கழிவு போவதற்குத் தடிப்பான பி வகை போட வேண்டும். கடைக்காரரிடம் அந்த எழுத்தைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

உடைந்த பகுதியை இரு பக்கமும் நல்ல குழாய் வரும் வரை, மூன்று அடி அளவுக்கு, ஹாக்சா பிளேடால் அறுத்து எடுத்தோம். கழிவறைப் பக்கமிருந்து சொட்டிய தண்ணீரை நிறுத்த ஒரு பழந்துணியைச் சுருட்டி உள்ளே அடைத்தோம். "துணியில ஒரு கயிறு கட்டு. இல்லீன்னா உள்ளயே மறந்துருவீங்க" என்றார் அப்பா. ஈரத்தில் பசை பிடிக்காது. அறுத்த முனைகளைப் பிசிறு நீக்கி, துடைத்து, காயவிட்டோம்.

இரண்டு பக்கமும் அசையாத குழாய்க்கு நடுவில் புதுத் துண்டை எப்படி நுழைப்பது? நடுவில் தடுப்பு இல்லாத கப்ளர் இரண்டு வேண்டும். அவற்றைப் பழைய முனைகளில் முழுசாகத் தள்ளி வைத்துவிட்டு, புதுத் துண்டை இடையில் வைத்து, பசை தடவி, கப்ளர்களைப் பாதித் தூரம் திரும்ப இழுக்க வேண்டும். எதுவரை இழுப்பது என்று பென்சிலில் முன்பே கோடு போட்டுக்கொள்ள வேண்டும். பசை பிடித்துவிட்டால் பிறகு அசையாது.

ஒட்டுவதற்கு முன் அப்பா வாட்டம் பார்க்கச் சொன்னார். "அடிக்குக் கால் இஞ்ச். பன்னண்டு அடிக்கு மூணு இஞ்ச் இறங்கணும். கம்மியாச் சாய்ச்சா எல்லாமே நின்னுக்கும். ரொம்பச் சாய்ச்சா தண்ணி மட்டும் ஓடிரும், மத்தது நின்னுக்கும்." கண்ணாடி டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையிலும் பிடித்து மட்டம் பார்த்தோம். செங்கல்லை எடுத்துவிட்டு நாலு இஞ்ச் மணல் போட்டோம். தொய்ந்திருந்த பகுதியை மணலால் தூக்கினோம். துணியை உருவிவிட்டு ஒட்டினோம். சாயங்காலம் ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து ஊற்றினோம். இணைப்புகளில் நீலம் கசியவில்லை. அதன் பிறகுதான் மண் மூடினோம்.

எங்களில் மற்றவரும் எப்போது குழிக்குள் இறங்கினார் என்று சரியாக நினைவில்லை. பசை தடவும்போது நாலு கை தேவைப்பட்டது. அப்போது அப்பா தடுக்கவில்லை. குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது நாலு மணி ஆகிவிட்டது. வேலையை விட்டு ஏழு ஆண்டுகள் ஆகியும் சாப்பிடுவதற்கு முன் மூன்று முறை சோப்புப் போடுவார். அன்றைக்கு அவர் எதையும் தொடக்கூட இல்லை. அன்றும் மூன்று முறை போட்டார். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "முப்பது வருசத்துல இதை எப்படிச் செய்யறதுன்னு யாரும் என்னைக் கேட்டதில்ல. செய்யின்னு மட்டும்தான் சொன்னாங்க."

இதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. சோறு போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். எங்களால்தான் அதற்குப் பிறகு சாப்பிட முடியவில்லை. வாட்டம், மணல் படுக்கை, மூட்டு என்று அவர் சொன்னவற்றைப் பொறியியல் கல்லூரியில் பாடமாக நடத்துகிறார்கள். அங்கே அதற்குப் பெயர் தொழில்நுட்பம். அவரிடம் இருக்கும்போது அதற்குப் பெயர் பிறப்பு.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்காரர் கீழே வந்தார். இதற்கு முன்பும் அப்பாவைப் பார்த்திருக்கிறார். "வாங்க" என்று கும்பிட்டிருக்கிறார். சந்தைப் பார்த்தார். வேலை அவருக்குப் பிடித்திருந்தது. மருமகளிடம், "பரவாயில்லியே அம்மிணி, இதெல்லாங்கூடச் செய்யறீங்க" என்றார். அப்பாவைப் பார்த்து, "விவரமாச் சொல்லிக் குடுத்தீங்க. நீங்க எங்க வேலை பாத்தீங்க?" என்று கேட்டார்.

அப்பா பொய் சொல்லவில்லை. "நகராட்சியிலீங்க. துப்புரவு வேலை" என்றார்.

வீட்டுக்காரர் கொஞ்சம் நிதானித்தார். முகத்தில் கோபம் இல்லை, வெறுப்பும் இல்லை. கணக்குச் சரியாக வந்ததுபோல ஒரு தெளிவுதான் இருந்தது. பிறகு சொன்னார்: "அப்படியா. அப்பச் சரி. டேங்க்கும் ரொம்பிக் கெடக்குது. நீயே ஒருநாள் வந்து எறங்கிப் பாத்துரு. காசு குடுத்தரலாம்."

'நீங்க' என்று ஆரம்பித்த பேச்சு 'நீ' என்று முடிந்தது. இடையில் இருந்தது ஒரே ஒரு பதில்.

தோழர்களே, மாணவர்கள் கேட்கும் அந்தக் கேள்விக்கான பதில் எங்களுக்கு இந்த இடத்தில்தான் கிடைத்தது. அன்று ஒரே குழியில் இரண்டு பேர் நின்றோம். ஒரே குழாயை ஒட்டினோம். ஒருவருக்குப் பாராட்டு கிடைத்தது. இன்னொருவருடைய குடும்பத்துக்கு அடுத்த வேலை கிடைத்தது. ஆதிக்கச் சாதியில் பிறந்தவர் கழிவைத் தொட்டால் அது தொண்டு, எளிமை, முற்போக்கு. தலித் தொட்டால் அது அவருக்கு ஏற்கெனவே எழுதி வைத்த வேலை. ஒரே செயலுக்கு இரண்டு பொருள் இருக்கும்வரை அவரவர் கழிவை அவரவர் அள்ளுவதால் மட்டும் சாதி போகாது. அம்பேத்கர் 1936-லேயே எழுதியதுபோல, சாதி பிரித்து வைத்திருப்பது வேலைகளை மட்டும் இல்லை, வேலை செய்யும் மனிதர்களையும்தான்.

அதற்காக உங்கள் குழாயை நீங்கள் சரிசெய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. செய்யுங்கள். குறிப்பாக, இதுவரை செய்யாத வீடுகளில் பிறந்தவர்கள் செய்யுங்கள். ஆனால் செய்துவிட்டுப் படம் எடுத்துப் போடாதீர்கள். உங்களால் முடியாதபோது யாரைக் கூப்பிடுகிறீர்கள், அவரை எப்படிக் கூப்பிடுகிறீர்கள், அவருக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் சாதியொழிப்பு தெரியும்.

நீங்களே செய்யக் கூடாத ஒன்றும் இருக்கிறது. நாங்கள் செய்தது திறந்த வெளியில், ஒன்றரை அடிப் பள்ளத்தில், குழாய் வேலை. செப்டிக் டேங்க்கும் சாக்கடைக் குழியும் வேறு. அங்கே ஹைட்ரஜன் சல்பைடு தேங்கி நிற்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போய்விடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர்கள் செத்துப்போகிறார்கள். விழுந்தவரைத் தூக்கப் போகிறவரும் சாகிறார். அப்பாவுடன் வேலை பார்த்த இரண்டு பேர் அப்படித்தான் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். அதனால்தான் மகனைக் குழிக்குள் பார்த்ததும் அவர் அப்படி நின்றார். அதை அவர் அன்று இரவுதான் சொன்னார். டேங்க்கில் நீங்களும் இறங்காதீர்கள், காசு கொடுத்து யாரையும் இறக்காதீர்கள். மூடியைத் திறந்து தலையை நுழைத்துப் பார்க்கவும் கூடாது.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையிலோ மலக்குழியிலோ ஆளை இறக்குவதைத் தடைசெய்கிறது. 9-ஆம் பிரிவின்படி முதல் முறை 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறக்கியவர் ஒப்பந்ததாரர் ஆனாலும் வீட்டுக்காரர் ஆனாலும் குற்றம் ஒன்றுதான். மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்ந்திருக்கிறது. ஆளை இறக்குவது நிற்கவில்லை.

அன்று வீட்டுக்காரரிடம் இதையெல்லாம் சொன்னோம். எங்கள் குரல் உயர்ந்துவிட்டது. "எதுக்குங்க தம்பி கோவிச்சுக்கறீங்க? வேலைதானே?" என்றார். அப்பாதான் எங்களை அமைதிப்படுத்தினார். பிறகு வீட்டுக்காரரிடம் அதே பணிவான குரலில் சொன்னார்: "நான் ஓய்வு வாங்கியாச்சுங்க. லாரியைக் கூப்பிடுங்க."

அவர் வாழ்க்கையில் அந்த வேலைக்கு 'மாட்டேன்' என்று சொன்னது அதுவே முதல் முறையாக இருக்கும் என்று நினைக்கிறோம். கேட்கவில்லை.

மறுநாள் 14420 எண்ணில் அழைத்து உறிஞ்சும் லாரியை வரவழைத்தோம். வேலை முடியும்வரை பக்கத்தில் நின்று, யாரும் உள்ளே இறங்காமல் பார்த்துக்கொண்டோம். பணத்தை வீட்டுக்காரர்தான் கொடுத்தார். மார்கழியில், மகன் குடும்பத்தோடு வருகிறான், வீடு வேண்டும் என்றார். அதுவரை மகன் வரப்போவதாக அவர் சொன்னதே இல்லை. நாங்கள் காரணம் கேட்கவில்லை. முன்பணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுத்தார். மாடியில் இப்போதும் அவர்தான் இருக்கிறார். கீழ்வீட்டில் வேறு யாரோ வாடகைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டோம்.

புது வீடு பார்க்கப் போனபோதும் அதே கேள்வி வந்தது. "நீங்க எந்தப் பக்கமுங்க?" இந்த முறை எங்களில் மற்றவர் பதில் சொன்னார். தன் அப்பாவின் ஊரை, அந்த ஊரில் தன் தெருவை, அப்பா பார்த்த வேலையை. நாலு வீடுகள் கிடைக்கவில்லை. ஐந்தாவது வீட்டிலிருந்து இதை எழுதுகிறோம்.

ஜெய்பீம்.